புணை: பெரம்பலூர், அரியலூர் வாகனக் கடன்களின் ஒரு சிறு வரலாறு

சென்ற கோடை விடுமுறையில் பழைய மாணவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். இளங்கலைக் கணிதம் படித்தவர். முதலிரண்டு ஆண்டுகள் என்னிடம் பகுதி ஒன்று தமிழ் படித்தார். பிறகு கல்விக் கடன் வாங்கி எம்.சி.ஏ. முடித்தார். படிப்புக்கேற்ற வேலை அமையவில்லை. இப்போது பெரம்பலூரில் ஆக்டிங் டிரைவர். அடுத்தவர் வண்டியையே எத்தனை நாள் ஓட்டுவது என்று, விலைக்கு வந்த பழைய டி போர்டு கார் ஒன்றை வாங்க முயன்றிருக்கிறார். கையிருப்பு போக இரண்டரை லட்சம் கடன் வேண்டும். மூன்று இடங்களில் கேட்டு மூன்றிலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, "எனக்கு சிபில் சரியில்லீங்க ஐயா" என்றார். குடும்பத்தில் இருக்கும் நோயொன்றை வெளியாரிடம் சொல்ல நேர்ந்தவரின் குரல் அது.

கல்விக் கடனில் ஏற்பட்ட பாக்கிதான் காரணம். சில ஆண்டுகள் தவணை கட்ட முடியவில்லை. பிறகு வங்கியே முன்வந்து வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து ஒரே தவணையில் முடித்துக்கொள்ளச் சொன்னது. இவருடைய தந்தை இரண்டு கறவை மாடுகளை விற்றுக் கட்டினார். கணக்கு முடிந்தது என்று தந்தையும் மகனும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். ஆனால் கடன் அறிக்கையில் 'முடிக்கப்பட்டது' என்பதற்கும் 'சமரசமாகத் தீர்க்கப்பட்டது' என்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. இரண்டாவது சொல், கொடுத்தவன் நஷ்டப்பட்டான் என்று அடுத்துக் கொடுக்கப்போகிறவனுக்குச் சொல்கிறது. மாடு விற்றது அதில் இல்லை.

நான்காவதாகப் போன ஒரு தனியார் நிதி நிறுவனம், அரசுச் சம்பளம் வாங்குகிறவர் யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட்டால் தரலாம் என்றதாம். அதற்காகத்தான் வந்திருந்தார். இரண்டு நாளில் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். ஜாமீன் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் குடும்பத்தில் ஒரு நடுக்கம் உண்டு. என் தாத்தா ஒருவருக்குக் கையெழுத்துப் போட்டு ஒரு ஏக்கர் கொல்லையை இழந்தவர். அந்த இரண்டு நாட்களில் தொடங்கிய வாசிப்பின் விளைவே இக்கட்டுரை. முறையான பொருளாதார வரலாறு என்று இதைக் கொள்ள வேண்டாம். தமிழ் படித்தவனின் கோணத்தில் எழுதியது.

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 'நாணயம்' என்றால் காசு. 'நாணயமானவர்' என்றால் சொன்ன சொல் தவறாதவர். காசும் நம்பகமும் ஒரே சொல்லில் வந்து அமர்ந்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது. அதைவிட என்னை ஈர்த்த சொல் 'புணை'. அதற்குத் தெப்பம் என்றும் பொருள், ஈடாக நிற்பவர் என்றும் பொருள். கடன்பட்டவன் நீரில் இருக்கிறான், அவனைத் தாங்கி மிதப்பவன் புணை. தாத்தா அப்படித் தாங்கப்போய் மூழ்கியவர்.

எங்கள் வட்டாரத்தில் கடனின் மிகப் பழைய ஆவணங்கள் கல்லில் இருக்கின்றன. பழுவேட்டரையர் காலத்துப் பழுவூர்க் கோயில்களுக்குச் சென்றவர்கள் விளக்குக் கொடைக் கல்வெட்டுகளைப் பார்த்திருப்பார்கள். சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 90 அல்லது 96 ஆடுகளை வைப்பது வழக்கம். ஆடுகளை இடையர் பெற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடு! கிழடு கழிந்து குட்டி சேர, எண்ணிக்கை மட்டும் நிலையாக நிற்கும் என்பது கருத்து. அசல் என்ற கருத்தாக்கத்துக்கு இதைவிட அழகான பெயரை நான் வேறெங்கும் கண்டதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசாகவே கடன் கொடுக்கப்படுகிறது. ஊர்ச்சபைகள் வாங்கிக்கொண்டு, ஆண்டுக்குக் காசொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை கட்டுகின்றன. நூற்றுக்குப் பன்னிரண்டரை. நம்மூர் வழக்கில் சொன்னால் ஒரு ரூபாய் வட்டிக்குச் சற்று மேல். ஆயிரம் ஆண்டுகளில் நியாய வட்டி என்பதன் கணக்கு அதிகம் நகரவில்லை என்பது வியப்பாக இருக்கிறது. இங்கே கடன் வாங்கியது தனிமனிதன் அல்ல, சபை. சபை ஊரைவிட்டு ஓடிவிட முடியாது.

தனிமனிதக் கடன் காகிதத்துக்கு வந்து, அதற்கொரு சட்ட வடிவமும் கிடைத்தது பிரிட்டிஷ் ஆட்சியில். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் புரோநோட்டுக்கு வலுவைத் தந்தது. காலவரையறைச் சட்டம் அதற்கு மூன்றாண்டு ஆயுளைத் தந்தது. மூன்றாண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். இல்லையென்றால் ஏதேனும் ஒரு தொகையை வரவு வைத்துப் பின்பக்கத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அதுவுமில்லையென்றால் நோட்டையே மாற்றி எழுத வேண்டும். தவறினால் நோட்டு செத்துப்போகும். கிராமத்தில் இதை 'நோட்டு காலாவதியாகிவிட்டது' என்பார்கள். காலாவதியான பிறகும் கட்டியவர்கள் உண்டு, காலாவதிக்காகக் காத்திருந்தவர்களும் உண்டு. யார் எந்த ரகம் என்பது ஊருக்குத் தெரியும்.

1929-30இல் சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழு கிராமக் கடன்களை ஆராய்ந்தது. உலகப் பெருமந்தத்தில் விளைபொருள் விலை வீழ்ந்து, வாங்கிய கடன் நெல்லில் கணக்கிட்டால் இருமடங்காகத் தோன்றிய காலம் உடனே தொடர்ந்தது. 1938இல் ராஜாஜியின் அமைச்சரவை சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1937 அக்டோபர் முதல் தேதி வரை நிலுவையில் நின்ற வட்டியை அது ரத்து செய்தது. கொடுத்தவர்கள் கொதித்தார்கள். ஆயினும் கடனைத் திருப்பாமைக்குக் கடனாளியின் குணம் மட்டும் காரணமல்ல, காலமும் காரணமாகலாம் என்பதை ஓர் அரசு சட்டமாகவே எழுதிய தருணம் அது. பின்னால் வரப்போகிற எண்ணுக்கு இந்த நுட்பம் தெரியாது.

இனி வண்டிக்கு வருகிறேன். பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் கிடையாது. அரியலூருக்கு உண்டு. விழுப்புரம் திருச்சி கார்டு லைன் 1920களின் இறுதியில் போடப்பட்டபோது பெரம்பலூரை ஒதுக்கிவிட்டுச் சென்றது. பெரம்பலூர்க்காரர்களுக்குச் சாலையே கதி. மானாவாரிக் கரிசல் மண். பருத்தி, மக்காச்சோளம், செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம். மழை பொய்த்தால் ஆண்கள் கைக்கு ஸ்டியரிங் வந்துவிடும். அரியலூர்ப் பக்கம் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். கடல் இருந்த காலத்தின் மிச்சம். அக்கல்லைத் தேடி சிமெண்ட் ஆலைகள் வந்தன. பக்கத்துக் கல்லக்குடியில் 1939இல் டால்மியா ஆலை. அரியலூரிலேயே அரசின் டான்செம் ஆலை 1979இல். 1990களின் பிற்பகுதியிலிருந்து ஆலத்தியூர், ரெட்டிபாளையம், தளவாய், கோவிந்தபுரம், தாமரைக்குளம், கீழப்பழுவூர் என்று ஆலைகள் பெருகின. கல் சுரங்கத்திலிருந்து ஆலைக்கு, மூட்டை ஆலையிலிருந்து ஊர்களுக்கு. எல்லாவற்றுக்கும் லாரி. சாவா மூவாப் பேராடுகள் பொறித்த கோயில்களுக்குப் பக்கத்திலேயே இன்று டிப்பர்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போகின்றன. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் சேர்ந்து, 2007இல் இறுதியாகப் பிரிந்தது. இந்தக் குழப்பங்களால் லாரிகளுக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

லாரியின் விலை ஓட்டுநரின் மொத்த நிலத்தின் விலையைவிட அதிகம். அப்படியானால் எதை நம்பிக் கடன் தருவது? வண்டியையே நம்பி. இந்த எண்ணம் நம்முடையதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கக்காரர்களுக்கு ரயில் சரக்குப் பெட்டிகள் தேவைப்பட்டன. மொத்தப் பணம் இல்லை. பெட்டியை வாடகைக்கு எடுத்து, தவணை முடிந்ததும் சொந்தமாக்கிக்கொள்ளும் ஏற்பாடு பிறந்தது. அங்கே கரி, இங்கே சுண்ணாம்புக்கல். தையல் இயந்திரம் விற்ற சிங்கர் கம்பெனி 1850களில் அமெரிக்காவில் தவணை முறையைப் பரப்பியது. 1895இல் ஹெல்பி எதிர் மாத்யூஸ் என்ற வழக்கு பிரபுக்கள் சபைக்கு வந்தது. தவணையில் எடுத்த பியானோவை ஒருவர் அடகுக்கடையில் வைத்துவிட்டார். வாங்கியே தீருவேன் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை, வாடகைதாரர் மட்டுமே, எனவே பியானோ உரிமையாளருக்கே என்று தீர்ப்பானது. தவணைக் கொள்முதல் சட்டத்தின் மூலக்கல் அந்தப் பியானோதான்.

சென்னையில் டி.வி.எஸ். குழுமத்தின் டி.எஸ். சந்தானம் 1954இல் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். தென்னிந்தியாவில் லாரி, பஸ் வாங்குவோருக்கு அது பெரிய கதவைத் திறந்தது. அந்நிறுவனம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு எனக்கு மிகவும் சுவாரசியமாக இருந்தது. வண்டி வாங்கியவர் அதைக் கம்பெனிக்கு விற்றதாகக் கடிதம் தருவார். கம்பெனி அதை அவருக்கே தவணை வாடகைக்கு விடும். அப்படியென்றால் விற்பனை நடந்திருக்கிறது, விற்பனை வரி கட்டு என்று கேரள அரசு கேட்டது. இது வெறும் கடன்தான், விற்பனை என்பது ஈட்டுக்காகச் செய்த ஏற்பாடு என்று கம்பெனி வாதிட்டது. 1966ஆம் ஆண்டுத் தொகுப்பில் வெளியான தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கம்பெனியின் கட்சியை ஏற்றது. வரி என்று வந்தால் வண்டி கடனாளியுடையது. 2020இல் வேறொரு நிதி நிறுவனத்தின் வழக்கில், தவணைக் கொள்முதலில் எல்லாத் தவணையும் கட்டி முடியும்வரை நிதி கொடுத்தவரே உரிமையாளர் என்று அதே நீதிமன்றம் கூறியது. தவணை தவறினால் வண்டி கம்பெனியுடையது. ஒப்பந்தங்களின் அமைப்பு வேறு வேறு என்று வழக்கறிஞர் நண்பர் எனக்கு விளக்கினார். எனக்குப் புரிந்தது, டிரைவர்களுக்குப் புரியுமா என்று கேட்டேன். சிரித்தார்.

இதில் ஒரு சோகமான அடிக்குறிப்பு உண்டு. 1972இல் நாடாளுமன்றம் தவணைக் கொள்முதல் சட்டம் ஒன்றை இயற்றியது. விலையில் குறிப்பிட்ட பங்கைக் கட்டி முடித்தவரிடமிருந்து நீதிமன்றம் வழியாக அன்றிப் பொருளைப் பறிக்கக் கூடாது என்பது அதன் முக்கியமான பிரிவு. அச்சட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. முப்பத்து மூன்றாண்டுகள் புத்தகத்தில் இருந்துவிட்டு 2005இல் நீக்கப்பட்டது.

அது நடைமுறையில் இருந்திருந்தால் என் பெரியப்பாவுக்குப் பயன்பட்டிருக்கும். 1980களின் இறுதியில் அவர் ஒரு பழைய லேலண்ட் லாரியை ஃபைனான்ஸில் எடுத்து, சுண்ணாம்புக்கல் ஏற்றினார். கடன் கொடுத்தவரின் ஆள் ராஜ்தூத்தில் வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. காகிதம் எதுவும் பார்த்ததாக நினைவில்லை. பாட்டியிடம் மோர் வாங்கிக் குடித்தார். எத்தனை பிள்ளைகள், பெண் கொடுத்த இடம் எது, குடிப்பாரா, வண்டியை அவரே ஓட்டுவாரா ஆள் போடுவாரா என்று கேட்டார். கிளம்பும்போது எதிர்வீட்டிலும் பேசினார். லாரியின் பக்கவாட்டில் கம்பெனியின் பெயர் எழுதப்பட்டது. ஆர்.சி. புத்தகத்தில் ஹெச்.பி. ஏறியது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆம் பிரிவு அதற்கு வகைசெய்கிறது. கம்பெனியின் சம்மதக் கடிதம் இல்லாமல் அப்படிப்பட்ட வண்டியை வேறு பெயருக்கு மாற்ற முடியாது. முக்கால்வாசி டியூ கட்டிய பிறகு ஒரு மழைக்காலத்தில் சுரங்கத்தில் தண்ணீர் தேங்கி வேலை நின்றது. இரண்டு டியூ நின்றது. குன்னம் சாலையில் வண்டியை மறித்து, பெரியப்பாவை இறக்கிவிட்டு ஓட்டிச் சென்றார்கள். தார்ப்பாயும் சாப்பாட்டுத் தூக்கும் வண்டியோடு போய்விட்டன. அவர் ஆறு மைல் நடந்து வந்தார். பெரியம்மாவின் தோடு அடகுக்குப் போன பிறகு வண்டி திரும்பியது. தூக்கும் திரும்பியது, கழுவாமல். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த லாரிக்கும் அதே ஆள்தான் கடன் கொடுத்தார். "மழைக்கு நின்ன டியூ அது" என்று சொன்னாராம். பிடுங்கியவரே காரணத்தையும் நினைவில் வைத்திருந்தார்.

அப்போது வங்கிகள் எங்கே போயின என்ற கேள்வி எழலாம். 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. சிறு சாலைப் போக்குவரத்துத் தொழில் செய்வோர் முன்னுரிமைத் துறையில் சேர்க்கப்பட்டனர். ஆனாலும் பழைய லாரி, ஒற்றை வண்டி, கணக்குப் புத்தகம் இல்லாத டிரைவர் என்ற மூன்றும் சேர்ந்தால் வங்கி மேலாளர் கைவிரித்துவிடுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, அவர் இரண்டாண்டில் மாற்றலாகிப் போகிறவர்.

இந்த இடைவெளியைக் கண்டுகொண்டவர்களில் முக்கியமானவர் ஆர். தியாகராஜன். 1937இல் பிறந்தவர். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் படித்து, 1961இல் காப்பீட்டுத் துறையில் சேர்ந்தவர். 1974இல் நண்பர்களோடு ஸ்ரீராம் சீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 1979இல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ். பழைய லாரி வாங்கும் டிரைவர்களே அதன் வாடிக்கையாளர்கள். 2022இல் அது குழுமத்தின் இன்னொரு கம்பெனியோடு இணைந்து ஸ்ரீராம் ஃபைனான்ஸ் ஆயிற்று. கடன் வரலாறோ நிலையான வருமானமோ இல்லாதவர்களுக்குக் கொடுப்பது எல்லோரும் நினைக்கிற அளவுக்கு ஆபத்தானதன்று என்று நிறுவவே இத்தொழிலுக்கு வந்ததாக அவர் 2023இல் ஒரு பேட்டியில் கூறியிருந்தார். காப்பீட்டுக்காரரின் பார்வை அது. ஒரு டிரைவர் தவறுவாரா என்று யாராலும் சொல்ல முடியாது, ஆயிரம் டிரைவர்களில் எத்தனை பேர் தவறுவார்கள் என்று சொல்லலாம். அதோடு ஒரு பழைய சீட்டுக்காரரின் பார்வையும் சேர்ந்தது. ஆளைத் தெரிந்த ஆள் வேண்டும். பழைய வண்டிக்கு என்ன விலை பெறும், எந்தப் பாதையில் எவ்வளவு ஓடும், எந்த மாதம் லோடு இருக்காது என்று தெரிந்த களப்பணியாளர் அவருக்குத் தேவைப்பட்டார். டிரைவர் வண்டியை விடமாட்டான், வண்டிதான் அவன் சோறு என்ற அறிவுதான் இத்தொழிலின் அடிமானம்.

இதைத் தொண்டு என்று நான் சொல்ல வரவில்லை. பழைய வண்டிக் கடனுக்கு வட்டி வங்கியைவிட எப்போதும் கூடுதல்தான். பறிமுதலும் இத்துறை முழுவதற்கும் பொதுவான ஆயுதமாகவே இருந்தது. 2007இல் பிரகாஷ் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடியாட்களை வைத்து வண்டி பிடுங்கக் கூடாது என்று ஒரு தனியார் வங்கியைக் கண்டிக்க வேண்டியிருந்தது. ஆனால் வேறு வழி என்னவாக இருந்தது? கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல். 2003இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அதீத வட்டித் தடைச் சட்டம் இந்த மக்கள் சொற்களை அப்படியே எடுத்து வரையறுத்திருக்கிறது. சட்டமொழியில் தமிழ் இவ்வளவு இயல்பாக நுழைந்தது வட்டிக்காகத்தானா என்று தமிழாசிரியனுக்குச் சற்று வருத்தம்.

எண் வந்தது இதன் பிறகுதான். அமெரிக்காவில் 1841இல் லூயிஸ் டாப்பன் என்ற வணிகர் கடனாளிகளைப் பற்றிய குறிப்புப் பேரேடுகளைத் தொடங்கினார். ஊர் ஊராக ஆட்கள் எழுதியனுப்பிய தகவல்கள் அவை. யோக்கியர், குடிப்பவர், மாமனார் வசதியானவர் என்பது போன்றவை. எங்கள் திண்ணையில் ராஜ்தூத்காரர் கேட்ட அதே கேள்விகள் நியூயார்க்கில் தோல் அட்டைப் பேரேட்டில் ஏறியிருந்தன. 1956இல் ஃபேர் என்ற பொறியாளரும் ஐசக் என்ற கணிதவியலாளரும் கலிபோர்னியாவில் இதை எண்ணாக மாற்றும் கம்பெனியைத் தொடங்கினார்கள். இந்தியாவில் சிபில் 2000இல் பதிவாயிற்று. தனிநபர் தகவல்களை 2004இலிருந்து திரட்டியது. கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் 2005. மதிப்பெண் 2007. குறைந்தது 300, அதிகம் 900. கடன் வாங்கியே இராதவருக்கு எண் கிடையாது, அந்த இடத்தில் மைனஸ் ஒன்று என்று போடுவார்கள். கடனே வாங்காதவர் நம் மரபில் பெருமைக்குரியவர்.

எண்ணின் நன்மையை மறுக்க முடியாது. அது சாதி கேட்பதில்லை. ராஜ்தூத்காரர் மோர் குடிக்காத வீடுகளும் ஊரில் இருந்தன என்பதையும், அங்கே கடன் போயிருக்காது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். தெருவைப் பார்த்துக் கொடுத்த காலத்தில் தெருவால் மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்! இதை எழுதும்போது திண்ணை பற்றிய என் ஏக்கம் கொஞ்சம் கூசுகிறது.

எண்ணின் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. மாணவரின் அறிக்கையை நாங்கள் இருவரும் உட்கார்ந்து படித்தோம். ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒவ்வொரு கடனுக்கும் 36 மாதங்களின் சிறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் தாமதம் என்ற எண். 'கடன் வரலாறு' என்று இதற்குப் பெயர். வரலாறு என்றால் காரணமும் இருக்க வேண்டாமா? நாட்கள் இருக்கின்றன, மழையும் வேலையின்மையும் இல்லை. தவணைச் சீட்டை ஒழுங்காகக் கட்டியது இல்லை. தண்டல்காரருக்கு ஒருநாளும் தவறாதது இல்லை. அவருடைய தந்தையின் அறிக்கையிலும் அதே கறை. 2001இல் வகுக்கப்பட்ட கல்விக் கடன் திட்டத்தில் நான்கு லட்சம் வரை ஈடு தேவையில்லை, ஆனால் பெற்றோர் இணைக் கடனாளி. ஆகவே தந்தையும் இப்போது டிராக்டருக்குக் கடன் கேட்க முடியாது. புரோநோட்டு மூன்றாண்டில் செத்துப்போகும். இந்தத் தகவலைக் குறைந்தது ஏழாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கல்லில் வெட்டிய ஆடுகளைப் போலத் தாமதமும் சாவதில்லை, மூப்பதில்லை.

2025இல் நிதியமைச்சகம் நாடாளுமன்றத்தில், முதல்முறை கடன் கேட்போரை வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று தெளிவுபடுத்தியது. மைனஸ் ஒன்றுகளுக்கு ஆறுதல். வரலாறு உள்ளவருக்கு அதில் வழியில்லை.

இரண்டாம் நாள் மாலை கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். தாத்தாவை நினைத்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டேன், வட்டி எவ்வளவு? "ஒரு ரூபா வட்டிதாங்க ஐயா" என்றார். கணிதம் படித்தவரிடம் காகிதத்தைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னேன். ஒரு லட்சத்துக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மூன்றாண்டுக்கு 36,000. மாதத் தவணை ஏறத்தாழ 3,778. ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் கடைசிவரை முழு லட்சத்துக்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 21 சதவீதத்துக்குச் சற்று மேல். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். 2024 அக்டோபரிலிருந்து கடன் தருவோர் இந்த உண்மை வட்டியை ஒரு தாளில் எழுதித் தரவேண்டும். அவருக்கும் தந்தார்கள். பதினான்கு கையெழுத்துகளுக்கு நடுவில் அந்தத் தாள் இருந்தது. "வேற யாரு குடுப்பாங்க ஐயா" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பெரம்பலூர் புதிய பேருந்து நிலையம் பக்கம் ஒரு மாடியறையில் என் சம்பளச் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். என்னுடைய எண் திரையில் வந்தது, தலையசைத்தார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். நான்கு நாள் கழித்து எங்கள் தெருமுனை டீக்கடைக்காரர், "சார், உங்களப் பத்தி ஒருத்தர் வந்து விசாரிச்சிட்டுப் போனாரு" என்றார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "மாசக் கணக்கு, ஒண்ணாந்தேதி குடுத்துடுவாருன்னேன். அதான சார்?" என்றார்.

வண்டி ஓடுகிறது. ஒவ்வொரு மாதமும் தவணை கட்டியதும் ரசீதின் படத்தை எனக்கு அனுப்புகிறார், கூட ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை. மார்கழியில் சவாரி இல்லாமல் ஒரு தவணை நான்கு நாள் தள்ளிப்போயிற்று. முதல் அழைப்பு அவருக்கு, இரண்டாவது எனக்கு. ஐந்தாம் நாள் ரசீது வந்துவிட்டது. கம்பெனிகள் அப்போது பதினைந்து நாளுக்கொரு முறை விவரம் அனுப்பின. அனுப்பும் நாள் அந்த நான்குக்குள் விழுந்திருந்தால் அவருடைய அறிக்கையில் ஒரு கட்டத்திலும், ஜாமீன்தாரன் என்ற முறையில் என்னுடையதில் ஒரு கட்டத்திலும் அந்த எண் இருக்கும். இந்த ஆண்டின் இலவச அறிக்கையை நான் இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை.